குசினி சிங்க் மாத்துறதுக்கு அளவெடுக்கிறது எப்பிடி? (டைல்ஸ் போட்ட கொங்கிரீட் சிலாப்)

உப்புவெளி_மலர்:

எல்லாருக்கும் வணக்கம். குசினி சிங்க்கை மாத்தப் போறம். இப்ப இருக்கிறது 24க்கு 18 அங்குல ஸ்டீல் சிங்க், ஒற்றைத் தொட்டி, 6 அங்குல ஆழம். அடியில சின்னச் சின்ன ஓட்டை விழுந்து கசியுது. சிங்க் இருக்கிறது கொங்கிரீட் சிலாப்பில, அதுக்கு மேல டைல்ஸ். டைல்ஸ் சிங்க் விளிம்புக்கு மேல ஏறி நிக்கிறதால விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. கீழ ரெண்டு பக்கமும் கல்லுக்கட்டு, முன்னுக்கு மரக்கதவு. தண்ணிப் பைப் (திறந்து மூடுறது) சுவரில இருக்கு. கழிவுத் தண்ணி சுவரைத் துளைச்சு நேரா வெளியில இருக்கிற கானுக்குப் போகுது.

புதுசு 9 அங்குல ஆழத்தில வேணும். சோத்துப் பானையும் மீன் கழுவுற சட்டியும் இப்ப இருக்கிறதுக்குள்ள சரியா இறங்குதில்லை, தண்ணியெல்லாம் நிலத்தில.

கடையில கேட்டால் "என்ன சைஸ்?" எண்டு மட்டும்தான் கேக்கினம். மேசன் சொல்றார், அதே 24க்கு 18ஐ வாங்கி வையுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன் எண்டு. அப்பிடியே வாங்கலாமா? வாங்க முதல் என்னென்ன அளவு எடுக்கோணும்?

தண்ணிமட்டம்:

தங்கச்சி, 24க்கு 18 எண்டது வெளி விளிம்பின்ர அளவு மட்டும்தான். தொட்டி எவ்வளவு அகலம், சிலாப்பில எவ்வளவு ஓட்டை வேணும், வேஸ்ட் (தண்ணி வடியிற ஓட்டை) நடுவிலயா பின்னுக்கா, இதொண்டையும் அந்த இலக்கம் சொல்லாது. ஒரு கம்பனியின்ர 24க்கு 18 இறங்கின ஓட்டைக்குள்ள இன்னொரு கம்பனியின்ர 24க்கு 18 இறங்காமல் நிக்கலாம். அதால பழைய சிங்க்கை விட்டுட்டு ஓட்டையை அளவெடுங்கோ.

எல்லாத்தையும் மில்லிமீற்றரில எழுதுங்கோ. பெட்டிக்குள்ள வாற வெட்டு அட்டை மி.மீ.ல தான் இருக்கும். கடையில "24 அங்குலம்" எண்டு விக்கிறது 600 ஆகவும் இருக்கும், 610 ஆகவும் இருக்கும். அந்த 10 மி.மீ. உங்கட வேலையில பெரிய விசயம்.

ஓட்டை: கதவைத் திறந்து டோர்ச் அடிச்சு, அளவு நாடாவைக் கீழ இருந்து கொங்கிரீட் விளிம்பில முட்ட வைச்சு எடுங்கோ. இடம் வலம் மூண்டு இடத்தில: முன்னுக்கு, நடுவில, பின்னுக்கு. முன் பின்னும் மூண்டு இடத்தில. பிறகு மூலைக்கு மூலை ரெண்டு அளவு. கையால உடைச்ச ஓட்டை ஒரு நாளும் நேரா இராது. மூண்டில சின்ன அளவு, புதுத் தொட்டி உள்ளுக்குப் போகுமா எண்டதைச் சொல்லும். பெரிய அளவு, விளிம்பு ஓட்டையை மூடுமா எண்டதைச் சொல்லும். நடுவில ஒரே ஒரு அளவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் இந்த ரெண்டில ஒண்டு பிழைக்கும். மூலைக்கு மூலை வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல எண்டால் ஓட்டை கோணல். சிங்க்கைச் சுவருக்கு நேரா வைக்கேக்க ஒரு மூலையில இடைவெளி தெரியும். கொங்கிரீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில பழைய சீமெந்து கட்டியா நிண்டால் அதை ஓட்டையோட சேர்க்க வேண்டாம், ஒரு சுத்தியலால தட்டினால் உதிரும்.

டைல்ஸ்: உங்கட வேலையில கூடத் தலையிடி இதுதான். விளிம்பு டைல்ஸுக்குக் கீழ இருக்கிறதால சிங்க்கை மேல தூக்கேலாது. விளிம்பு ஓட்டையை விடப் பெரிசு எண்டதால கீழயும் இறக்கேலாது. சுத்திவர டைல்ஸ் வெட்டித்தான் ஆகோணும். பழைய விளிம்பு முடியிற இடத்துக்கு 3 மி.மீ. வெளியால கோடு போட்டு கிறைண்டரால வெட்டினால் துண்டு துண்டா எடுக்கலாம். விளிம்பு எங்க முடியுது எண்டு தெரியாட்டில் டைல்ஸை நாணயத்தால தட்டிக்கொண்டு போங்கோ. ஸ்டீலுக்கு மேல பொள்ளல் சத்தம், கொங்கிரீட்டுக்கு மேல இறுக்கமான சத்தம். அந்த வெட்டுக்கோட்டின்ர அளவையும் எழுதுங்கோ. புது விளிம்பு அந்தக் கோட்டை ஒவ்வொரு பக்கமும் ஆகக் குறைஞ்சது 12 மி.மீ. மூடோணும்.

ஆழம்: 9 அங்குலத் தொட்டி எண்ட ஆசை நல்லதுதான். ஆனால் அதைத் தீர்மானிக்கிறது சிங்க் இல்லை, சுவரில இருக்கிற கழிவுப் பைப்தான். சிலாப்பின்ர மேல் மட்டத்தில இருந்து அந்தப் பைப்பின்ர நடு வரைக்கும் எவ்வளவு? இந்த ஒரு இலக்கத்தைச் சரியா எடுங்கோ. மேல ஒரு நேர்ப்பலகையைச் சுவர்ப் பக்கம் வைச்சு அதில இருந்து கீழ அளக்கலாம், அல்லது நிலத்தில இருந்து ரெண்டையும் அளந்து கழிக்கலாம். நிலம் சரிவா இருக்கும், அதால ரெண்டு அளவையும் ஒரே இடத்தில நிண்டு எடுங்கோ.

கழிவுப் பைப்பின்ர பருமன்: சைஸின்ர பேரைக் கேட்டு வாங்கக் கூடாது. ஒரு நூலைச் சுத்தி நீளத்தைப் பாருங்கோ. 157 மி.மீ. வந்தால் வெளி விட்டம் 50. 126 வந்தால் 40.

தண்ணிப் பைப்: சுவர் டைல்ஸில இருந்து பைப் வாயின்ர நடு வரைக்கும் எவ்வளவு, சிலாப்பில இருந்து வாய் எவ்வளவு உயரம்.

கீழ: ரெண்டு கல்லுக்கட்டுக்கும் நடுவில உள்ள அகலம். தொட்டிக்கு வெளியால ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. எண்டாலும் இருந்தால்தான் கை போகும்.

சிலாப்: முன் பின் மொத்தம், பழைய விளிம்பில இருந்து முன் ஓரத்துக்கு, பின் சுவருக்கு, டைல்ஸோட சேர்த்துத் தடிப்பு. இவ்வளவையும் இங்க போடுங்கோ, கணக்குப் பாத்துச் சொல்றன்.

மூதூரான்:

அக்கா, கடைக்குப் போகக்குள்ள காந்தத் துண்டு ஒன்டு கொண்டு போங்க. ஒட்டினா வாங்காதீங்க. பழைய சிங்க்ல ஓட்டை விழுந்தது மலிவு ஸ்டீல்ங்கிறதாலதான். தடிப்பையும் கேளுங்க, 0.6 மி.மீ. தகடெல்லாம் பானைய வச்சாலே நெளியும்.

உவர்மலைக்காரன்:

மூதூரான் சொன்னதில பாதிதான் உதவும். காந்தம் இறுக்கி ஒட்டினால் அது 430 எண்ட ஸ்டீல் வகை, கடற்கரை வீட்டுச் சிங்க்குக்கு வேண்டாம். அது சரி. ஆனால் ஒட்டாட்டில் 304 (உப்புக்குத் தாங்குற நல்ல வகை) எண்டு அர்த்தமில்லை. 201, 202 வகையிலயும் காந்தம் ஒட்டாது. அதில நிக்கலைக் குறைச்சு மங்கனீஸைக் கூட்டியிருப்பினம், பாக்க ஒரே மினுக்கம். உப்புக்கு 304 அளவுக்குத் தாங்காது. மறுபக்கம், நல்ல 304 சிங்க்கிலயும் அழுத்தி வளைச்ச மூலைகளில காந்தம் லேசா இழுக்கும். அதைப் பாத்து நல்ல சாமானைத் திருப்பி வைக்கிற ஆக்களும் இருக்கினம். காந்தத்தைத் தட்டையான விளிம்பில வையுங்கோ. அதுக்குப் பிறகு நம்புறது பெட்டியிலயும் தகட்டிலயும் அடிச்சிருக்கிற 304 அல்லது 18/8 எண்ட குறியும், பில்லில அதை எழுதித் தாற கடையும்தான்.

316 எண்டு ஒரு வகை இருக்கு, மொலிப்டினம் சேர்ந்தது, உப்புக்கு இன்னும் தாங்கும். வீட்டுக்குள்ள இருக்கிற குசினிக்கு அது தேவையில்லாத செலவு.

தடிப்பு கேஜில சொன்னால் இலக்கம் குறையக் குறையத் தடிப்புக் கூடும்: 18 கேஜ் கிட்டத்தட்ட 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.8. உங்களுக்கு 0.8 போதும், 0.9 எண்டால் நல்லம்.

ஊசி ஓட்டை விழுறதுக்குக் காரணம் குளோரைட். உப்பு போட்டுக் கழுவின மீன் தண்ணி அடியில தேங்கி நிண்டாலும், கடற்கரையோரக் கிணத்தின்ர உவர்த் தண்ணி சொட்டுச் சொட்டா விழுந்து காய்ஞ்சாலும், பிளீச் ஊத்தி இரவு முழுக்க விட்டாலும் இதுதான் நடக்கும். அடியில சாய்வு இல்லாத மலிவு சிங்க்கில தண்ணி முழுக்க வடியாது, அதால நடு அடியிலதான் முதல் ஓட்டை வரும். கடையில சிங்க்கை மட்டமா வைச்சு ஒரு கோப்பைத் தண்ணி ஊத்திப் பாருங்கோ. வேஸ்ட் ஓட்டையைச் சுத்திக் குளம் கட்டினால் அந்தத் தொட்டி வேண்டாம்.

இன்னொண்டு. டைல்ஸ் வேலை முடிய மேசன்மார் சீமெந்துக் கறைக்கு அசிட் போடுவினம். அதின்ர ஆவியே புதுச் சிங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும், மேல படத் தேவையில்லை. அசிட் கழுவல் முடிஞ்சு, நல்லாத் தண்ணி அடிச்ச பிறகுதான் பெட்டியைப் பிரிக்கோணும்.

கிண்ணியா_கிறனைட்:

யாரும் கீழ இருந்து ஒட்டுற சிங்க் போடச் சொல்ல முந்தி சொல்றேன், உங்கட சிலாப்புக்கு அது சரிவராது தங்கச்சி. அது கல்லுக்குரிய சாமான். 20 மி.மீ. கிறனைட்டில ஓட்டையின்ட ஓரத்தை மினுக்கலாம். டைல்ஸ் ஓரத்தையும் கொங்கிரீட் ஓரத்தையும் மினுக்க ஏலாது, தண்ணி நேரா அதுக்குள்ள ஊறும். மேலதிகமா, அது கீழ இருந்து ஏத்துற சிங்க், உங்கட கதவு நிலைக்குள்ளால முழுச் சிங்க்கும் போகணும். மேல இருந்து இறக்குற சிங்க்குக்கு அந்தக் கதவு எவ்வளவு ஒடுக்கமா இருந்தாலும் பிரச்சினையில்ல.

பிறகொரு காலம் சிலாப்புக்கு மேல கிறனைட் போடுற எண்ணமிருந்தா இப்பவே யோசிங்க. கல்லு 20, கீழ கலவை 15 என்டு 35 மி.மீ. மட்டம் உயரும். சுவரிலுள்ள தண்ணிப் பைப்புக்குக் கீழ இடம் குறையும். கல்லு வெட்டுற ஆளுக்குச் சிங்க்கையே கொண்டு போய்க் குடுங்க, அளவைக் குடுக்காதீங்க. ஓட்டையின்ட மூலை நாலையும் முதல் வட்டமாத் துளைச்சுப் பிறகு நேரா வெட்டச் சொல்லுங்க. மூலையில கிறைண்டர் வெட்டு ஒன்டையொன்டு தாண்டிப் போனா அந்த இடத்தில இருந்துதான் கல்லு வெடிக்கும்.

உப்புவெளி_மலர்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மாதிரி எடுத்தன், எல்லாம் மி.மீ.

ஓட்டை இடம் வலம்: முன்னுக்கு 578, நடுவில 580, பின்னுக்கு 574.
ஓட்டை முன் பின்: இடம் 432, நடு 430, வலம் 428.
மூலைக்கு மூலை: 723, 717.
பழைய விளிம்பு (தட்டிப் பாத்து): 610க்கு 457.
சிலாப் முன் பின்: 610. பழைய விளிம்பில இருந்து முன் ஓரத்துக்கு 75, பின் சுவருக்கு 78.
சிலாப் தடிப்பு டைல்ஸோட: 85.
சிலாப் மேல் மட்டத்தில இருந்து கழிவுப் பைப் நடு: 343.
வேஸ்டில இருந்து சுவர்ப் பைப் வாய் வரைக்கும் குறுக்கால: 600 அளவில. நூல் சுத்தினது 157.
தண்ணிப் பைப் வாய் சுவரில இருந்து: 200. சிலாப்பில இருந்து உயரம் 260.
கல்லுக்கட்டு நடுவில: 700.
சிலாப் நிலத்தில இருந்து: 860.

கடையில 660க்கு 508 எண்டு ஒரு சிங்க் பாத்தன், ஆழம் 230. பெட்டியில தொட்டி உள்ளளவு 550க்கு 400 எண்டு இருக்கு. சரிவருமா?

தண்ணிமட்டம்:

நல்லா எடுத்திருக்கிறீங்கள். ஒவ்வொண்டாப் பாப்பம்.

தொட்டி இறங்குமா: ஓட்டையில சின்ன அளவு 574க்கு 428. தொட்டியின்ர வெளிப்பக்கத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. சும்மா விடோணும், ஆக 564க்கு 418க்கு மேல போகக் கூடாது. 550க்கு 400 உள்ளளவு எண்டால் தகடும் அடியில அடிச்ச சத்தம் குறைக்கிற பூச்சும் மேல் வளைவும் சேர்ந்து 560க்கு 410 அளவில வரும். இறங்கும். இருந்தாலும் கடையில சிங்க்கைக் கவிட்டு வைச்சு, விளிம்புக்குக் கிட்ட வெளியால அளந்து பாருங்கோ. உள்ளளவு தொட்டியின்ர எந்த இடத்தில எடுத்தது எண்டு பெட்டி சொல்லாது.

விளிம்பு மூடுமா: டைல்ஸ் வெட்டுக்கோடு 616க்கு 463 வரும். ரெண்டு பக்கமும் 12 வைச்சால் ஆகக் குறைஞ்சது 640க்கு 487 வேணும். 660க்கு 508 தாராளம், ஒவ்வொரு பக்கமும் 22 மி.மீ. மூடும். மூலைக்கு மூலை 6 மி.மீ. வித்தியாசத்தையும் அது மறைச்சிடும்.

சிலாப்பில இடம்: பழைய சிங்க் இருந்த நடுவிலயே புதுசை வைச்சால் முன்னுக்கு 49 சொச்சம், பின்னுக்கு 52 சொச்சம் மிஞ்சும். கொங்கிரீட் ஓட்டையை நீங்கள் பெருப்பிக்கேல்லை, முன் ஓரத்தில இருந்து ஓட்டைக்கு இன்னும் 88 மி.மீ. கொங்கிரீட் இருக்கு. அதால முன்பக்கம் வெடிக்கும் எண்ட பயமில்லை.

இப்ப கவனிக்க வேண்டிய இடம். தொட்டி விளிம்பின்ர நடுவில இருக்கா, முன்னுக்குத் தள்ளி இருக்கா? கன சிங்க்கில பின்னுக்குத் தண்ணிப் பைப் பூட்ட 70 மி.மீ. அளவில மேடை விட்டு, தொட்டியை முன்னுக்குத் தள்ளியிருப்பினம். உங்கட 508இல தொட்டி வெளியளவு 410 எண்டால் மிச்சம் 98. நடுவில இருந்தால் முன்னுக்கு 49, பின்னுக்கு 49. மேடை வைச்சது எண்டால் முன்னுக்கு 30, பின்னுக்கு 68. அப்ப தொட்டியின்ர முன்பக்கம் சிலாப் ஓரத்தில இருந்து 80இல வரும். உங்கட ஓட்டை தொடங்கிறது 88இல. கொங்கிரீட்டில முட்டும். சிங்க்கைப் பின்னுக்குத் தள்ளி இறக்கப் பாத்தால், 5 மி.மீ. இடைவெளியோட 13 தள்ளோணும், அப்ப முன் விளிம்பு டைல்ஸ் வெட்டை 9 மி.மீ. தான் மூடும். அளவு சரி, இடம் பிழை எண்டு சிங்க்கைத் திருப்பிக் குடுக்கிறதெல்லாம் இதாலதான். ஆகவே தொட்டி நடுவில உள்ளதா வாங்குங்கோ. உங்கட தண்ணிப் பைப் சுவரில எண்டதால மேடை தேவையுமில்லை. மேடையில வாற 35 மி.மீ. ஓட்டையை மூடி போட்டு அடைக்கிற வேலையும் மிச்சம்.

தண்ணிப் பைப்: தொட்டியின்ர பின் ஓரம் சுவரில இருந்து 101இல வரும். பைப் வாய் 200இல. தண்ணி தொட்டிக்குள்ள 99 மி.மீ. தள்ளி விழும், காணும். 250 நீட்டு வாய் பூட்டினால் நடுவுக்குக் கிட்ட விழும், பானை கழுவச் சுகம். உயரம் 260உம் ஆழம் 230உம் சேர்ந்தால் தண்ணி 490 மி.மீ. விழப் போகுது, நல்லாத் தெறிக்கும். வாயில நுரைச் சல்லடை ஒண்டு பூட்டினால் அடங்கும்.

கழிவுப் பைப்: இங்கதான் இடிக்குது.

தொட்டி ஆழம் 230.
கூடை வேஸ்ட் (தொட்டி ஓட்டையில பூட்டுற கூடைச் சல்லடைச் சாமான்) உடம்பு, தொட்டி அடியில இருந்து நட் வரைக்கும் 65.
போத்தல் ட்ராப் (கான் மணம் மேல வராமல் தண்ணியைத் தேக்கி வைக்கிற சாமான்), நட்டில இருந்து பக்க வாயின்ர நடு வரைக்கும் 60.
600 மி.மீ. ஓட்டத்துக்குச் சரிவு, மீற்றருக்கு 25 வைச்சால் 15.
கூட்டினால் 370. உங்கட சுவர்ப் பைப் 343இல.

27 மி.மீ. காணாது. ட்ராப்பின்ர வாய் சுவர்ப் பைப்பை விடக் கீழ நிண்டால் தண்ணி போகாமல் இராது, ஆனால் பைப்புக்குள்ளயும் வேஸ்டுக்குள்ளயும் எப்பவும் நிண்டுகொண்டே இருக்கும். அதில எண்ணெயும் சோத்துப் பருக்கையும் படிஞ்சு, கொஞ்ச நாளில அடைப்பு, மணம். இப்பிடி உயரம் பிழைச்ச இடங்களிலதான் நெளிவுப் பைப்பை நேரா இழுத்துக் குத்தி விடுவினம். ட்ராப்பே இராது, கரப்பான் கானில இருந்து நேரா மேல ஏறும்.

இதே பைப்போட போக விருப்பமெண்டால் 180 ஆழத் தொட்டி எடுங்கோ: 180, 65, 60, 15 கூட்டினால் 320, கையில 23 மிஞ்சும். 200 ஆழம் எண்டால் 340, மிச்சம் 3 மி.மீ. அதை நம்ப வேண்டாம், ஒரு வாசர் தடிச்சாலே போச்சு.

230 தான் வேணுமெண்டால் சுவரில பைப்பைக் கீழ இறக்குங்கோ. உங்கட பைப் சுவரைத் துளைச்சு நேரா வெளியில போறதால இது பெரிய வேலையில்லை. 370ஓட 30 சேர்த்து, சிலாப் மட்டத்தில இருந்து 400இல புது ஓட்டையின்ர நடு. நிலத்தில இருந்து பாத்தால் 460. ட்ராப்பின்ர போத்தல் அதுக்குக் கீழ 100 மி.மீ. தொங்கினாலும் கீழ வாளி வைக்க இடம் மிஞ்சும். வெட்ட முதல் வெளியில போய்க் கானின்ர மட்டத்தைப் பாருங்கோ, பைப் வெளியில வாற இடம் அதைவிட உயரத்தில இருக்கோணும்.

65உம் 60உம் சாமானுக்குச் சாமான் மாறும். வேஸ்டையும் ட்ராப்பையும் சிங்க்கோட ஒண்டா வாங்கி, தரையில வைச்சுப் பூட்டி அளந்த பிறகுதான் சுவரில கைவைக்கோணும். ட்ராப்பில தண்ணி நிக்கிற உயரம் 75 மி.மீ. உள்ளதா எடுங்கோ. குறைஞ்சது சும்மா இருந்தே வத்தும், மணம் வரும். ட்ராப் வாய் 40, சுவர்ப் பைப் 50 எண்டால் நடுவில ரெடியூசர் ஒண்டு. பெரிய பைப்பில இருந்து சின்னதுக்கு ஒரு நாளும் இறக்கக் கூடாது, சின்னதில இருந்து பெரிசுக்குப் போறது சரி.

உப்புவெளி_மலர்:

கணக்கு விளங்கிட்டுது அண்ணா, சுவரில கீழ இறக்கிறதெண்டே முடிவு. ரெண்டு கேள்வி மட்டும். மேசன் இன்னும் 24க்கு 18தான் நல்லம், டைல்ஸ் வெட்டின பள்ளத்துக்குள்ள அப்பிடியே உக்காரும் எண்டு நிக்கிறார். மற்றது, சிங்க்கோட வாற கிளிப் 85 மி.மீ. சிலாப்புக்கு எட்டுமா? எட்டாட்டில் சீமெந்து போட்டு இறுக்கிறதாச் சொல்றார்.

கிண்ணியா_கிறனைட்:

கிளிப் எட்டாது. அது பலகைக்கும் கல்லுக்கும் செய்தது, கூடினா 40 மி.மீ. பிடிக்கும். பெட்டியிலேயே விட்டுடுங்க, கம்பி வச்சு நீட்டுறது, ஆணி அடிச்சு வளைக்கிறதெல்லாம் வேணாம்.

சீமெந்தும் வேணாம். பழைய சிங்க்கைக் கழட்டக்குள்ள விளிம்புக்குக் கீழ பாருங்க, துரு அங்கயும் இருக்கும். சீமெந்து ஈரத்தையும் உப்பையும் தகட்டோட ஒட்டி வச்சிருக்கும், காத்துப் படாத இடுக்கில ஸ்டீல் கெதியா அரிக்கும். அடுத்த முறை கழட்டவும் திரும்ப உடைக்கணும்.

சிலிக்கன் போதும். ஆனா நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்க. வினாகிரி மணம் அடிக்கிற சிலிக்கன் சீமெந்துப் பூச்சிலயும் கல்லிலயும் சரியாப் பிடிக்காது. டைல்ஸைத் துடைச்சுக் காயவிட்டு, வெட்டுக்கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில 6 மி.மீ. மொத்தத்தில முறியாம ஒரு சுத்து. மூலையில நிப்பாட்டித் தொடங்கக் கூடாது, நேர்ப்பக்கத்தில தொடங்கி அங்கயே வந்து முடிங்க. சிங்க்கை இறக்கினாப் பிறகு இழுத்து நகர்த்தாம மேல இருந்து அமத்துங்க. தொட்டிக்குள்ள தண்ணி வாளி ரெண்டு வச்சு 24 மணித்தியாலம் விடுங்க. பிதுங்கி வந்ததை உடனே துடைக்காட்டி காஞ்சாப் பிறகு பிளேட்டாலதான் எடுக்கணும்.

பாரம் தாங்குமா என்டு யோசிக்காதீங்க. 550க்கு 400க்கு 230 தொட்டி முழுக்க நிறைஞ்சா 50 லீற்றர், 50 கிலோ. அந்தப் பாரம் விளிம்பில இருந்து கொங்கிரீட்டுக்குத்தான் போகுது, சிலிக்கனுக்கு நகராமப் பிடிக்கிற வேலை மட்டும்தான்.

மேசன் சொல்ற பள்ளத்துக்குள்ள உக்கார்ற முறையும் இருக்கு, பிழையென்டு சொல்ல மாட்டேன். மலிவு, ஓட்டை மாறாது. ஆனா விளிம்பு டைல்ஸுக்கு 8, 10 மி.மீ. கீழ நிக்கும், சுத்திவர 3 மி.மீ. இடுக்கு. சிலாப்பில சிந்தின தண்ணி அந்தப் பள்ளத்தில நிக்கும், டைல்ஸின்ட வெட்டு ஓரம் கையில படும். 660 என்டா விளிம்பு டைல்ஸுக்கு மேல ஏறி வெட்டையும் மறைக்கும். கத்தி வச்ச மாதிரி வெட்ட வேண்டிய அவசியமும் மேசனுக்கு இல்ல.

தண்ணிமட்டம்:

கிண்ணியாக்காரர் சொன்னதோட ஒத்துப் போறன். வேலை ஒழுங்கை மட்டும் எழுதிறன், மேசனிட்டக் காட்டுங்கோ.

முதல் சிங்க், வேஸ்ட், ட்ராப் மூண்டையும் வீட்டுக்குக் கொண்டாங்கோ. சிங்க்கின்ர வெளி உருவத்தைக் காட்போட்டில கவிட்டு வரைஞ்சு, தொட்டியின்ர உருவத்தையும் அதுக்குள்ள வரைஞ்சு வெட்டி, பழைய சிங்க்குக்கு மேல வைச்சுப் பாருங்கோ. இதில பிழை பிடிச்சால் கடையில மாத்தலாம், டைல்ஸ் வெட்டினாப் பிறகு ஏலாது. பிறகு சுவரில புது ஓட்டை. அது முடியும் மட்டும் பழைய சிங்க்கைப் பாவிக்கலாம். பழைய ஓட்டையை உள்ளுக்கும் வெளியிலயும் அடைச்சுப் பூசோணும். வெளிப்பக்கப் பூச்சை மாரி மழை தொடங்க முதல் முடியுங்கோ, வாடைக்காத்து மழையை நேரா சுவரில அடிக்கிற பக்கமெண்டால் அந்த இடத்தாலதான் முதல் ஊறும். அதுக்குப் பிறகுதான் டைல்ஸ் வெட்டு, பழைய சிங்க்கைத் தூக்கிறது, அசிட் போடுறதெண்டால் இப்பவே போட்டுக் கழுவிறது, கடைசியாப் புதுசு.

வேஸ்டைச் சிங்க் இறக்க முதலே மேல வைச்சுப் பூட்டுங்கோ. கீழ படுத்துக்கொண்டு 90 மி.மீ. நட்டை இறுக்கிறது கஷ்டம், கோணலா ஏறும். மேல் வளையத்துக்குக் கீழ சிலிக்கன், தொட்டிக்குக் கீழ ரப்பர் வாசர், அதுக்குக் கீழ வழுக்குற பேப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம், பிறகு நட். ரப்பர் நட்டோட நேரா உரசினால் சுருண்டு பிதுங்கும். ட்ராப்பின்ர பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால இறுக்கி, மேல கால் சுத்து மட்டும். குறடு போட்டால் வெடிக்கும்.

ஒழுக்குப் பாக்கேக்க தண்ணியைத் திறந்து விட்டுப் பாக்கிறது காணாது. வேஸ்டை அடைச்சுத் தொட்டியை முக்கால்வாசி நிரப்பி, மட்டத்தில பென்சில் கோடு போட்டு அரை மணித்தியாலம் விடுங்கோ. கோடு இறங்கினால் வேஸ்ட் வளையத்தில கசிவு. பிறகு அடைப்பை ஒரேயடியாத் திறந்து விடுங்கோ. முழுப் பாரத்தோட வாற தண்ணியிலதான் ட்ராப் நட்டும் ரெடியூசரும் கசியுதா எண்டு தெரியும். ஒவ்வொரு நட்டுக்கும் கீழ ஒரு துண்டு டிஷூ பேப்பர் சுத்தி வையுங்கோ, கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டும். வெளியிலயும் ஒரு ஆள் நிண்டு, தண்ணி கானுக்குள்ள விழுதா, பைப்பின்ர வெளி ஓரத்தால சுவரில வழியுதா எண்டு பாக்கோணும்.